கட்டிலில் ஒரு கேஸ், கொட்டகையில் ஒரு பேர்

உங்கள் பயிற்சி வகுப்பில் போன வாரம் ஒரு சட்டம் சொல்லிக்கொடுத்தார்களாம்: நோயாளியை ‘கேஸ்’ என்று சொல்லக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நல்ல சட்டம். என்னைக் கேட்டால், என் வாயை மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அந்த வார்த்தை இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம் முடிந்ததில்லை. என் கல்யாணத்தன்று பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மாமனாரிடம் கேட்க வேண்டிய இடத்தில், ‘எத்தனை கேஸ் மாமா?’ என்று கேட்டவன் நான். அவர் கடைசி வரைக்கும் என்னை முழுசாக நம்பவில்லை.

நான் மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளை. எங்கள் வீட்டில் அது இங்கிலீஷ் வார்த்தை என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்பாவுக்கு கூட்ஸ் ஷெட்டில் வேலை. அவர் ‘கேஸ்’ என்றால் ஆணி அடித்த மரப்பெட்டி. சித்தப்பா சொன்னால் ஒரு பெட்டி பியர். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘கேஸ் ஆயிருச்சாம்’ என்றால் பக்கத்து வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கிறது. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவர் ‘ஒரு மாதிரி கேஸ்’. வெயில் கொளுத்தும் நாளிலும் குடையோடு போகும் ஆபீஸ் குமாஸ்தா, பெரிய கிராணி, எதற்கு என்று கேட்டால் ‘இன் கேஸ்’ என்பார். அது ஏதோ குடையின் கம்பெனிப் பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரசராகச் சேர்ந்த பிறகு அந்த வார்த்தை இன்னும் பெருத்துப் போனது. டெலிவரி கேஸ், அடிதடி கேஸ், பாம்புக்கடி கேஸ். ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்றால் வெள்ளைத் துணி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு அந்த வார்த்தை பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். அதைச் சொன்னால் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

அங்கே பெரிய டிரசர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, பிளேடு மாதிரி வகிடு. நான் முதல் நாளே, ‘ஐயா, ஹெர்னியா கேஸ் ஒண்ணு வந்திருக்கு’ என்று போய் நின்றேன்.

‘தம்பி, உமக்குப் பேர் இருக்கோ?’

‘இருக்குங்க ஐயா.’

‘அப்ப அவருக்கும் இருக்கும். போய்க் கேட்டுக்கொண்டு வாரும்.’

ஆண்களிடம் பேர் கேட்பது லேசு. தோட்டத்துப் பெண்களிடம் புருஷன் பேர் கேட்டுப் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். ஓர் அம்மா ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். நான் அண்ணாமலை, மலையாண்டி, பழனிமலை, திருமலை என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எரிச்சலாகி, ‘ஏழுமலைய்யா! எங்களத் தூங்க விடு லா’ என்று கத்தினார். ‘ஏம்மா, நீங்களே சொன்னா என்ன?’ என்றேன். ‘நான் சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும் தம்பி’ என்றாள், ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போல. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜப்பான்காரன் வந்தான்.

அந்தக் காலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மருந்து அலமாரியில் பூட்டு இருந்தது, மருந்து இல்லை. கொசுவலையைக் கிழித்து வேக வைத்துக் கட்டுப் போட்டோம். மூன்று வேளையும் மரவள்ளி. ஆட்களைத் தோட்டத்தில் வைத்தும் தெருவில் வைத்தும் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் எலும்பாக இருந்தோம். நானே கண்ணாடியில் பார்த்து ‘இந்தக் கேஸ் தேறாது’ என்று சொல்லிக்கொண்டதுண்டு.

நாற்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு நாள், மீன் வண்டிக்காரர் ஒருவர் ஓர் ஆளை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். முழங்காலுக்குக் கீழே, ஆஸ்பத்திரிப் பேச்சில் அல்சர் என்கிற அழுகல் புண். எலும்பு தெரிந்தது. வாடை வார்டுக்கு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். பெரிய டிரசர் வழக்கம் போலக் குனிந்து பேர் கேட்டார். அந்த ஆள் காதோடு ஏதோ சொன்னார். பெரிய டிரசர் எப்போதும் கேட்ட பேரை வார்டுக்கே கேட்கிற மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்வார், மற்றவர்களும் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று. அன்றைக்குச் சொல்லவில்லை. என்னைத் தனியாக மருந்தறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

‘தம்பி, இவரை மட்டும் நீர் உம்மட பாணியிலேயே கூப்பிடும்.’

‘என் பாணின்னா?’

‘அல்சர் கேஸ்.’

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்திருப்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அந்த ஆள் பேர் காத்தமுத்து. ரவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்காரர். சயாமிலிருந்து தப்பி, கூட்ஸ் வண்டிக்குள் ஒளிந்து ஒளிந்து வந்திருக்கிறார். ஊருக்குப் போனால் கங்காணி காட்டிக்கொடுத்துவிடுவான் என்று, யாருக்கும் தன்னைத் தெரியாத கிள்ளானுக்கு வந்திருக்கிறார்.

‘பிடிபட்டால் அவரைக் கொண்டுபோய் வெட்டுவாங்கள். வச்சிருந்த எங்களையும் விடமாட்டாங்கள். பயமெண்டால் இப்பவே சொல்லும்.’

‘பயம்தான் ஐயா’ என்றேன்.

‘எனக்கும்தான். சரி, போய் அந்தக் கொசுவலைத் துணியை அவியும்’ என்றார்.

இன்னொரு ஆளையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சில நாள் கழித்து, கடைவீதி ஐந்தடி நடைபாதையில் விழுந்து கிடந்தார் என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டினி. காலில் புண் வேறு, கட்டுப் போட்டோம். பார்த்தால் நம் ஆள் மாதிரிதான் இருந்தார். வாயில் பேச்சில்லை. பெரிய டிரசர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தமிழில் கேட்டார், மலாயில் கேட்டார், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கேட்டார். ‘ஐயா பேர்? பேர் என்ன ஐயா?’ அந்த மனிதர் கண்ணை மட்டும் அசைத்தார். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. வார்டுக்குப் பின்னால் இருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் கிடத்தினோம். பேர் வாங்க முடியாமல் போன முதல் ஆள் அவர்தான். பெரிய டிரசர் அன்றைக்குத் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தக் காலையில்தான் லோரி வந்து நின்றது.

ஒரு சார்ஜன்ட், இரண்டு சிப்பாய், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் நம் ஆள். சண்டைக்கு முன்னால் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர். எந்தப் பெண்ணுக்கு எந்தச் சேலை பிடித்திருக்கிறது, யார் வாங்குவாள், யார் சும்மா தொட்டுப் பார்ப்பாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். அந்தக் கண்ணுக்குத்தான் ஜப்பான்காரன் சம்பளம் கொடுத்தான்.

எல்லாரும் குனிந்து கும்பிட்டோம்.

‘காத்தமுத்துன்னு ஒருத்தன்’ என்றார் அவர். ‘சயாம்லேர்ந்து ஓடியாந்தவன். கால்ல பெரிய புண்ணு. இங்க இருக்கானா?’

பெரிய டிரசருக்குப் பொய் வராது. அது குணம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஒரு ஊனம் மாதிரி. சீட்டாட்டத்திலேயே காது சிவந்துவிடும். இப்போது காது சிவந்தது. வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வந்தாலும் நாங்கள் மூன்று பேரும் தீர்ந்தோம் என்று எனக்குத் தெரிந்தது.

‘அந்தக் கேஸா?’ என்றேன் நான். ‘அது முடிஞ்சிருச்சுங்களே. இன்னைக்குக் காலையில.’

தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்துச் சொன்னதும் இல்லை. வாசலில் வந்து கேட்கிறவர்களிடம் தினமும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்தில் நாக்கு பழகின பாதையில் ஓடிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் சார்ஜன்ட்டிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

‘செத்துட்டானா? வேல மிச்சம். அவன் பொண்டாட்டி லோரியிலதான் இருக்கா. வந்து பாக்கட்டும்.’

கதை இதுதான்: அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கட்டில் வரிசையில் நடக்க விட்டு, அவள் முகம் எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வார்டில் நடக்க விட்டிருப்பார்கள். திறந்ததால் கொட்டகைக்குக் கூட்டி வருகிறார்கள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. புருஷன் இந்த ஆஸ்பத்திரியில் இருப்பதும் தெரியாது, உள்ளே கிடப்பது யார் என்றும் தெரியாது. ‘இவரு இல்லைங்க’ என்று அவள் உண்மையைச் சொன்னால் போதும்.

பெரிய டிரசரை சார்ஜன்ட் வார்டுக்குள் போகச் சொல்லிக் கை காட்டினான். கொட்டகைக்கு நான் மட்டும் போனேன்.

அஞ்சலை என்று அவள் பேர். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாக்குத் துணியைச் சேலைக்கு மேல் சுற்றியிருந்தாள். உன் புருஷன் செத்துவிட்டான் என்று லோரியிலேயே சொல்லிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு, நிஜமாகவே அழுதுகொண்டு ஓடி வந்தாள். நான் கண்ணைக் காட்டலாம் என்றால், மொழிபெயர்ப்பாளரான அந்தத் துணிக்கடைக்காரர் பிணத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அத்தாப்பை எண்ணுகிறவன் மாதிரி கூரையைப் பார்த்தேன்.

அவள் துணியை விலக்கினாள்.

அழுகை நின்றது.

எத்தனை நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் இருக்கும். ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். சம்பந்தமே இல்லாத பிணத்தை ஒரு டிரசர் ஏன் என் புருஷன் என்று காட்டுகிறான்? அந்த ஒரு பார்வைக்குள் அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். உங்களுக்குத் தேர்வில் அரை மணி நேரம் கொடுக்கிறார்கள்.

அப்படியே அந்த மனிதர் நெஞ்சில் விழுந்தாள். ‘என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே ராசா’ என்று ஆரம்பித்தாள். கைகளைப் பலகையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல் உடைந்து சிதறியது. நெற்றிப் பொட்டைப் புறங்கையால் தேய்த்து அழித்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு. நம் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அதைவிடக் கையை வெட்டிக்கொள்வது லேசு என்பார்கள்.

துணிக்கடைக்காரர் அதோடு விடவில்லை. அழுகை ஒரு கணம் நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

‘அழுக எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேரச் சொல்லி அழு.’

‘பேரச் சொல்ற வழக்கம் இல்லீங்க.’

‘உசுரோட இருந்தாத்தான் சொல்லக் கூடாது. செத்தவனுக்கு எங்க ஆயுசு கொறையப் போவுது? சொல்லு, கேப்போம்.’

பொறி எப்படி வைத்தார் பார்த்தீர்களா? சொல்ல மறுத்தால் புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். சொன்னால், அவள் நம்பிக்கைப்படி, அவளே அவன் ஆயுசைக் குறைக்கிறாள். நம் வழக்கம் தெரிந்த ஒருவனால்தான் அப்படி ஒரு கேள்வி கேட்க முடியும். ஜப்பான்காரனுக்கு வந்திருக்காது.

அவள் மாராப்புக்குள் கையை விட்டுத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, கூரை பிய்கிற மாதிரி கத்தினாள்.

‘காத்தமுத்தூ!’

கொட்டகைக்கும் வார்டு ஜன்னலுக்கும் இடையில் ஒரு முருங்கை மரம்தான். அந்தப் பக்கமிருந்து உடனே ஓர் அலறல் வந்தது. ஆண் குரல். முடிந்தது கதை, இந்த மடையன் பதில் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். சார்ஜன்ட் திரும்பினான்.

‘என்னாது அது?’ என்றார் துணிக்கடைக்காரர்.

‘அல்சர் கேஸ்ங்க’ என்றேன். ‘புண்ணு சொரண்டுறாங்க. மயக்க மருந்து இல்ல.’

தினமும் சொல்கிற குரலில்தான் சொன்னேன். மலம் எத்தனை தடவை, மூத்திரம் எத்தனை தடவை என்று சொல்கிற குரல். மறுபடியும் அலறல், அதற்கு மேல் இன்னொன்று. ஜன்னல் வழியாக வாடையும் வந்தது. சார்ஜன்ட் காறித் துப்பினான், ‘பாகேரோ’ என்று என்னைத் திட்டி ஓர் அறை விட்டான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அறை வாங்கியதில்லை. அறைந்தால் வேலை முடிந்தது, போகிறான் என்று அர்த்தம்.

அஞ்சலையை மறுபடி லோரியில் ஏற்றினார்கள். அந்த அலறல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. லோரி கேட்டைத் தாண்டும் வரை அவள் வார்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பவே இல்லை.

உள்ளே ஓடினேன். பெரிய டிரசர் கட்டிலோரத்தில் முழங்காலிட்டிருந்தார். கையில் புண் சுரண்டுகிற கரண்டி. வெள்ளைக் கால்சட்டை எல்லாம் ரத்தமும் சீழும். காத்தமுத்து நினைவில்லாமல் கிடந்தார்.

‘மனுசி கத்தின உடனே எழும்பிவிட்டார்’ என்றார் பெரிய டிரசர், என்னைப் பார்க்காமல். ‘பேர் சொல்லிக் கூப்பிட்டால் மனுசன் எழும்பத்தானே செய்வான். வாயைப் பொத்தினால் ஏன் பொத்தினது எண்டு கேப்பாங்கள். கத்துறதுக்கு ஒரு காரணம் குடுத்தன்.’

பிறகு அந்த நினைவில்லாத மனிதர் காதில் குனிந்து, ‘காத்தமுத்து, மன்னியும்’ என்றார். அந்தப் பேரை அவர் சத்தம் போட்டுச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்.

சுரண்டியதில் புண் சுத்தமாகி ஆறத் தொடங்கியது. காத்தமுத்து எங்களோடேயே தங்கித் தண்ணீர் தூக்கினார், தரை கூட்டினார். பேர் சொல்ல முடியாதே. ஆஸ்பத்திரி முழுக்க அவரை ‘கேஸு, கேஸு’ என்றே கூப்பிட்டோம். ‘கேஸு, வாளி எங்க?’ என்றால் ஓடி வருவார். கொட்டகையில் கிடந்தவரைக் காத்தமுத்து என்று சொல்லிப் புதைத்தோம். பெரிய டிரசருக்கு அது தாங்கவில்லை. பெரிபெரி வந்து கால் வீங்கிக் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, ‘தம்பி, அந்த ஆளைத் தேடி ஒருத்தரும் வரேல்லையோ?’ என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். யாரும் வரவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

தோட்டத்தில் அஞ்சலை யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. கங்காணி பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் முறைப்படி கூடி அழுது, அவள் தாலியைக் கழற்றினார்கள். அவள் காட்டிக்கொள்ளாமல் கழுத்தை நீட்டினாள். அரிசியே இல்லாத அரிசிப் பானைக்குள் அந்தத் தாலியை வைத்து, சண்டை முடிகிற வரை விதவையாகவே ரப்பர்ப் பால் மரம் வெட்டினாள். எந்த நாளில் அது நிஜமாகிவிடும் என்று தெரியாமல்.

காத்தமுத்து திரும்பிப் போன அன்று லயத்துக் கிழவர் ஒருவர் பேய் என்று ஓடிப்போய்க் கோழிக்கூண்டுக்குள் விழுந்தாராம். அவள் நேராகப் போய்த் தாலி இருந்த அரிசிப் பானையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாளாம்.

தம்பிகளா, தங்கச்சிகளா, சட்டத்தை மதியுங்கள். பேரைக் கேளுங்கள். ஆனால் கேட்ட பேரை எப்போது வாயில் வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது வெளியே விட வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் உங்களுக்குச் சொல்லாது. கேஸ் என்று சொல்வது தப்பில்லை. அந்தக் கேஸின் பேர் தெரியாமல் சொல்வதுதான் தப்பு.

சண்டை முடிந்த அடுத்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அவர்கள் இரண்டு பேரும் என்னையும் பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் கிடந்தவருக்குத் திதி கொடுக்க வேண்டும் என்று அஞ்சலை பிடிவாதம். ‘அவருக்குத்தான நான் வளையல் ஒடச்சேன்’ என்றாள்.

பண்டாரம் எள்ளும் தண்ணியும் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

‘திதி குடுக்கறது யாரு?’

‘காத்தமுத்துங்க.’

‘யாருக்கு?’

காத்தமுத்து என்னைப் பார்த்தார். ‘காத்தமுத்துக்குங்க.’

‘வெளையாடறியா? ஒனக்கு நீயே குடுத்துக்கப் போறியா?’

‘பண்டாரய்யா, கோவிச்சுக்காதீங்க’ என்றேன் நான். ‘இது ஒரு மாதிரி கேஸ்.’

‘என்ன கேஸோ எழவோ. செத்தவர் பேரை வாய் விட்டுச் சொன்னாத்தான் நான் மந்திரம் சொல்வேன்.’

காத்தமுத்து தன் பேரைத் தானே பிணத்துக்குச் சொல்லத் தயங்கி நின்றார். அலை வந்து எள்ளை நனைத்துவிட்டுப் போனது. அஞ்சலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். கடலைப் பார்த்து, இந்தத் தடவை மெதுவாக, கேட்டும் கேட்காத மாதிரி சொன்னாள்.

‘காத்தமுத்து.’

திரும்பி வரும்போது பஸ்ஸில் காத்தமுத்து என் காதில் புலம்பினார். ‘பாத்தீங்களா டிரசரே? கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து ரெண்டே தடவ என் பேரச் சொல்லியிருக்கா. ரெண்டும் அந்த ஆளுக்கு.’